சம்மர்ஹில் பள்ளி: நான்கு ஆய்வறிக்கைகளை வைத்து ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையை ஒட்டிய சஃபோக் பகுதியில், லெய்ஸ்டன் என்னும் சிற்றூரில் இயங்கிவரும் சம்மர்ஹில் பள்ளியைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, அதைக் கொண்டாடுவோர் எழுதியதாகவோ அதைக் கண்டாலே ஆகாதவர்கள் எழுதியதாகவோ இருக்கிறது. வகுப்புக்குப் போவதும் போகாதிருப்பதும் மாணவரின் விருப்பம் என்று ஒரு பள்ளி அறிவித்துவிட்டால், அதைப் பற்றி நடுநிலையாகப் பேசுவது யாருக்கும் எளிதாக இருப்பதில்லை போலும். ஆகவே இந்த மதிப்புரைக்கு அரசு ஆய்வாளர்களின் அறிக்கைகளையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். 1949, 1999, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் நடந்த நான்கு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, பள்ளியின் தரம் எப்படி என்பதோடு, ஒரு மாற்றுக் கல்விப் பள்ளியை எப்படி ஆய்வு செய்ய வேண்டும், எப்படிச் செய்யக்கூடாது என்பதும் தெரியவருகிறது.

பள்ளியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சில செய்திகள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஏ. எஸ். நீல் 1921-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரை அடுத்த ஹெல்லராவில் தொடங்கிய முயற்சி, ஆஸ்திரியா வழியாக இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் நகருக்கு வந்து, 1927-ல் லெய்ஸ்டனில் நிலைபெற்றது. நீல் 1973-ல் மறைந்த பின் அவருடைய மனைவி ஈனாவும், 1985 முதல் மகள் ஸோயி ரெட்ஹெட்டும் பள்ளியை நடத்தினார்கள். மாணவர்களில் மிகப் பலர் விடுதியிலேயே தங்கிப் படிப்பவர்கள். ஜப்பான், ஜெர்மனி, கொரியா போன்ற நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கால அட்டவணை உண்டு, ஆசிரியர்கள் குறித்த நேரத்தில் வகுப்பறையில் இருப்பார்கள். மாணவர் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. பள்ளியின் அன்றாட விதிகளை எல்லாரும் கூடும் பள்ளிக் கூட்டம் தீர்மானிக்கிறது. அங்கே ஆறு வயதுப் பிள்ளைக்கும் தலைமையாசிரியருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். விதிகளே இல்லாத இடம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கும் இப்பள்ளியில், உறங்கும் நேரம் முதல் மிதிவண்டி ஓட்டுவது வரை எழுதப்பட்ட விதிகள் ஏராளம். அவற்றை மீறுவோருக்குக் கூட்டமே அபராதமும் விதிக்கிறது.

1949 ஜூன் 20, 21 ஆகிய இரு நாள்களில் அரசின் பள்ளி ஆய்வாளர்கள் இருவர் இங்கே வந்தார்கள். அப்போது நான்கு முதல் பதினாறு வயது வரையிலான 70 பிள்ளைகள் இருந்தனர். ஆண்டுக் கட்டணம் 120 பவுண்டு. ஆசிரியர்களுக்கு மாதம் 8 பவுண்டு சம்பளம். பெற்றோரின் பொருளாதார நிலையை அறிந்திருந்ததால் கட்டணத்தை உயர்த்த நீல் தயங்குகிறார் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தங்களுக்குப் பழக்கமான பள்ளிகளிலிருந்து இது வெகுவாக வேறுபட்டிருப்பதால் இந்த ஆய்வு தங்களுக்குக் கடினமாகவும் சுவையாகவும் இருந்தது என்ற ஒப்புதலோடுதான் அறிக்கை தொடங்குகிறது. அரசு ஆவணத்தில் இப்படி ஒரு தொடக்கத்தைக் காண்பது அரிது. கையில் கொண்டுவந்த அளவுகோல் எதிரே இருக்கும் பொருளுக்குப் பொருந்துமா என்ற ஐயம் அவர்களுக்கு முதல் பத்தியிலேயே வந்துவிட்டது.

அவர்கள் பாராட்டியவை பல. பிள்ளைகளிடம் உயிர்த்துடிப்பு நிறைந்திருந்தது என்றும், சலிப்பின் சாயலே இல்லை என்றும், வெளியாரோடு கூச்சமின்றி இயல்பாகப் பழகினார்கள் என்றும் எழுதினார்கள். பழைய மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு அவர்கள் தொகுத்த பட்டியலில் குண்டுவீச்சு விமானி, பாலே நடனக் கலைஞர், இராணுவ இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவர், குழந்தைகள் காப்பகத் தாதி, கேம்பிரிட்ஜில் பொருளாதாரத்தில் முதல் வகுப்புப் பெற்றவர், லண்டனில் இயற்பியலில் முதல் வகுப்புப் பெற்றவர் எனப் பலதரப்பட்டவர்கள் இடம்பெற்றனர். கட்டாயமின்றிப் படித்தவர்கள் உருப்பட மாட்டார்கள் என்ற வாதத்துக்கு எதிராக அந்தப் பட்டியலை அவர்கள் வீசவில்லை. அமைதியாகக் குறித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் படிப்பைப் பற்றிய அவர்களுடைய கணிப்பு இனிப்பானதாக இல்லை. பிள்ளைகள் விருப்பத்தோடும் ஆர்வத்தோடும் உழைக்கிறார்கள், ஆயினும் விளைவு சொற்பமாகவே இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். இங்கேதான் அந்த அறிக்கையின் சிறப்பு இருப்பதாக நான் கருதுகிறேன். இக்குறை இம்முறையால் தவிர்க்க முடியாமல் விளைவது என்று அவர்கள் சொல்லவில்லை. முறை சரியாக நடத்தப்படாததால் விளைவது என்று சொல்லி, அதற்கான காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்கள். மழலையருக்கான கற்பித்தல் நன்றாக இருக்கிறது, மேல் வகுப்புகளிலும் நல்ல கற்பித்தல் உண்டு; எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டக்கூடிய நல்ல ஆசிரியர் இல்லை; நடுப்பருவப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில், இவ்வளவு புரட்சிகரமான பள்ளியில் எதிர்பார்க்கவே முடியாத பழம்பாணி முறைகள் கையாளப்படுகின்றன; தனித்திருந்து படிக்கவும் பள்ளியில் இடமில்லை. இக்குறைகளில் எதைச் சரிசெய்யவும் வகுப்பைக் கட்டாயமாக்கத் தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீல் இவ்வறிக்கையைப் பின்னாளில் தம் நூலிலேயே முழுமையாக அச்சிட்டார். தம் பள்ளியின் படிப்பை மெலிந்தது என்று சொன்ன ஆவணத்தைத் தம் கையாலேயே வெளியிட்டவர் என்ற வகையில் அவருக்கும் கொஞ்சம் பெருமை சேர வேண்டும்.

அதன் பின் அரை நூற்றாண்டு கழிகிறது. 1992-ல் ஆஃப்ஸ்டெட் என்ற புதிய ஆய்வு அமைப்பு உருவாக்கப்பட்டு, பள்ளிகள் அனைத்தையும் ஒரே வகைக் கட்டத்துக்குள் அடக்கி அளக்கும் காலம் தொடங்கியது. தொண்ணூறுகளில் மட்டும் சம்மர்ஹில் ஒன்பது முறை ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. கண்காணிக்க வேண்டியவை என்று தனியே குறிக்கப்பட்ட 61 தனியார் பள்ளிகளின் பட்டியல் ஒன்று ஆஃப்ஸ்டெட்டிடம் இருந்ததும், அதில் இப்பள்ளியின் பெயர் இருந்ததும் பின்னர்தான் வெளியே தெரிந்தது. பட்டியல் இருப்பதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இரவும் பகலும் தங்கியிருக்கும் இடத்தை அரசு அடிக்கடி எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியாமல் இருந்ததுதான் உறுத்துகிறது.

1999 மார்ச் மாத ஆய்வுதான் எல்லாருக்கும் நினைவிருப்பது. கல்வியில் சுதந்திரம் என்பதைக் கற்பிக்கப்படாமல் இருப்பதற்கான உரிமை என்று பள்ளி குழப்பிக்கொண்டுவிட்டதாகவும், சோம்பியிருப்பதையே தனிமனித சுதந்திரம் என்று பல மாணவர்கள் தவறாக எண்ண விடப்பட்டிருப்பதாகவும் அவ்வறிக்கை குற்றஞ்சாட்டியது. அதைத் தொடர்ந்து, அன்றைய கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட் பள்ளிக்குக் குறைபாட்டு அறிவிப்பு ஒன்றை அனுப்பினார். அத்தகைய அறிவிப்பில் சொல்லப்பட்டவற்றை ஆறு மாதத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் வழக்கமாகப் பள்ளி மூடப்படும். கழிப்பறை வசதி போன்ற சில்லறைக் குறைகளும் அன்று பேசப்பட்டன. அவற்றையெல்லாம் ஒரு குழாய்ப் பணியாளரும் ஒரு தச்சரும் சேர்ந்து சரிசெய்துவிடலாம். வகுப்புக்கு வருவது விருப்பம் என்ற கொள்கையைத் தொட்ட பகுதி அப்படிப்பட்டதன்று. அதற்கு இணங்கினால் பள்ளி திறந்திருக்கும், ஆனால் அது சம்மர்ஹில்லாக இருக்காது.

1999 அறிக்கையை முழுவதும் தள்ளிவிட வேண்டும் என்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நீண்ட காலம் ஒரு பாடத்தையும் எட்டிப் பார்க்காத பிள்ளையின் கணித அறிவைப் பற்றிக் கவலைப்படுவது ஆய்வாளரின் கடமை. அந்தப் பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்பதற்குப் பள்ளியிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்பதும் நியாயமே. நடுப்பருவ வகுப்புகளின் கற்பித்தல் மெலிந்தது என்று 1949-லேயே சொல்லப்பட்டுவிட்டதால், இக்கவலை வானத்திலிருந்து விழுந்ததும் அன்று. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருவர் இரண்டே நாளில் பிரித்தறிந்ததை 1999-ன் ஆய்வுக்குழு பிரித்தறியவில்லை. நடத்தும் விதத்தில் உள்ள குறையும் கொள்கையும் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அப்படிக் கலந்தபின் பள்ளியால் திருந்தவும் முடியாமல் போகிறது. தன் உயிரையே கேட்கும் பரிந்துரையை எந்த நிறுவனமும் பொறுமையாகப் படித்து, அதில் உண்மையாக உள்ள பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டிருக்காது.

பள்ளி வழக்காட முடிவு செய்தது. 2000 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றக் கட்டடத்தில் தனியார் பள்ளிகளுக்கான தீர்ப்பாயத்தின் முன் விசாரணை தொடங்கியது. மனித உரிமை வழக்கறிஞர் ஜெஃப்ரி ராபர்ட்சன் பள்ளிக்காக வாதாடினார். சில நாள்களிலேயே அரசுத் தரப்பின் வாதம் நிலைகுலைந்து, சமரச உடன்பாடு ஒன்று முன்வைக்கப்பட்டது. அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, அன்று வந்திருந்த மாணவர்கள் அதே நீதிமன்ற அறையில் தங்கள் பள்ளிக் கூட்டத்தை நடத்தி, விவாதித்து, ஒருமனதாக வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். பேச்சுரிமை, முறைவைத்துப் பேசுதல், எதிர்க்கருத்தைக் கேட்டல், முடிவுக்குக் கட்டுப்படுதல் ஆகியவற்றை இப்பள்ளி எந்த அளவுக்குக் கற்பித்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த செய்முறைத் தேர்வு வேறு இருந்திருக்க முடியாது. அதற்கு மதிப்பெண் போட ஆய்வுப் படிவத்தில் கட்டம் இல்லை என்பது வேறு விஷயம்.

உடன்பாட்டின் உள்ளடக்கம் வெற்றிச் செய்தியைவிட முக்கியமானது. தீர்ப்பாயம் நினைத்திருந்தால் அறிவிப்பை நீக்கியிருக்கலாம், அதற்கு மேல் செல்ல அதற்கு அதிகாரமில்லை. உடன்பாடோ எதிர்கால ஆய்வுகளுக்கே புதிய நெறிகளை வகுத்தது. பள்ளிக்குத் தனக்கென ஒரு கல்விக் கொள்கை வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்பதையும், கற்றல் வகுப்பறைக்குள் மட்டும் நிகழ்வதன்று என்பதையும், மாணவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதையும் ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சலுகை கேட்டுப் பெற்றார்கள் என்று சிலர் இதைக் குறைகூறினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ என்ன செய்வதாகச் சொல்கிறாயோ அதைச் செய்கிறாயா என்று கேட்பது, எல்லாருக்கும் பொதுவான கேள்விகளைவிடச் சில வேளைகளில் கடுமையான கேள்வி. பள்ளி தன் சொந்த வாக்குறுதியின் முன் நிறுத்தப்படுகிறது, அங்கே சாக்குப்போக்குச் சொல்ல இடம் குறைவு.

புதிய நெறிகளைக் கருத்தில் கொண்டு நடந்த 2007-ன் முழு ஆய்வு, பெரும்பாலும் பாராட்டாகவே அமைந்தது. 1999-ல் கண்டிக்கப்பட்ட துறைகளிலும் கணிப்பு மாறியிருந்தது. 2011 அக்டோபரில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்று, கற்பித்தல், கற்றல், மதிப்பீடு ஆகியவை தவிர்ந்த எல்லாத் துறைகளிலும் ‘மிகச் சிறப்பு’ என்ற உச்சத் தரநிலையை வழங்கியது. விலக்கப்பட்ட அந்த மூன்றுக்கும் ‘நன்று’ கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூடப்படும் அபாயத்தில் நின்ற பள்ளிக்கு இது சாதாரண முன்னேற்றமன்று.

ஆனால் முன்னேறியது யார் என்று கேட்டால், இங்கே விடை சற்றுச் சிக்கலாகிறது. தன் அணுகுமுறையை 1999-க்குப் பின் மாற்றிக்கொள்ளவில்லை என்று பள்ளி தொடர்ந்து சொல்லிவந்தது. வகுப்புகள் அன்றும் விருப்பம், இன்றும் விருப்பம். கூட்டத்தில் அன்றும் ஒரு வாக்கு, இன்றும் ஒரு வாக்கு. எனவே தரநிலை உயர்ந்ததில் ஒரு பங்கு ஆய்வுமுறை திருந்தியதற்கே உரியது என்பதை மறுக்க முடியாது. அதற்காகப் பள்ளி பக்கத்தில் எதுவுமே நடக்கவில்லை என்ற முடிவுக்கும் நான் வரமாட்டேன். அரசு ஆய்வு நெருக்கமாக வரும்போது, தான் செய்வதை எழுதி வைக்கவும், வெளியாருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லவும் ஒரு பள்ளி பழகிக்கொள்கிறது. கொள்கையை விட்டுக்கொடுக்காமல் செய்யக்கூடிய திருத்தம் அது. பெற்றோருக்கும் அதனால் நன்மை உண்டு.

நான்கு அறிக்கைகளையும் மேசையில் விரித்து வைத்தபோது என்னை நிறுத்திய செய்தி வேறொன்று. 1949-ல் பிள்ளைகளின் குணநலனும் கூட்டு வாழ்க்கையும் மனத்தைக் கவர்ந்தன, கற்பித்தல் பின்தங்கியிருந்தது. 1999-ல் கண்டனத்தின் மையமே கற்றல்தான். 2011-ல் மற்றவை உச்சத்தில் இருக்க, ஒரு படி கீழே நின்றதும் கற்பித்தல்தான். அறுபது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் மாறினார்கள், ஆய்வு அமைப்பே மாறியது, தலைமையாசிரியர்கள் மாறினார்கள். பள்ளியின் வலிமையும் மெலிவும் இருந்த இடங்கள் மட்டும் மாறவில்லை. ‘மெலிந்தது’ என்பதிலிருந்து ‘நன்று’ என்பது வரை ஏறியிருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் இப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை இந்த ஒரு கோட்டிலிருந்தே தெளிந்துகொள்ளலாம்.

எல்லாப் பள்ளிகளுக்கும் இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. ஸ்காட்லாந்தின் கேலோவே பகுதியில் ஜான் எய்ட்கன்ஹெட் 1940-ல் தொடங்கிய கில்குஹானிட்டி பள்ளி, நீலின் வழியைப் பின்பற்றியது. ஆய்வாளர்களின் கடுமையான அறிக்கைக்குப் பின் 1997-ல் மூடப்பட்டது. வழக்காடுவதற்குப் பணமும், துணைக்கு வர உலகெங்கும் பழைய மாணவர்களும், எல்லாரும் அறிந்த ஒரு பெயரும் சம்மர்ஹில்லுக்கு இருந்தன. சிறிய பள்ளிக்கு அவை இருப்பதில்லை. அதே வேளையில், டெவன் பகுதியின் ஆஷ்பர்ட்டனில் 1987-ல் தொடங்கப்பட்ட சாண்ட்ஸ் பள்ளி போன்றவை, விடுதியில்லாமலேயே இதையொத்த மக்களாட்சி முறையில் நடந்துவருவதையும் சொல்ல வேண்டும்; பிள்ளையைப் பிரிய மனமில்லாத பெற்றோர் அவற்றையும் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் தனியார் பள்ளிகளுக்கான தரவிதிகள் இப்போது எட்டுப் பகுதிகளாக உள்ளன: கல்வியின் தரம்; ஆன்மிக, ஒழுக்க, சமூக, பண்பாட்டு வளர்ச்சி; நலமும் பாதுகாப்பும்; பணியாளர்களின் தகுதி; கட்டடம்; பெற்றோருக்குத் தரும் தகவல்; புகார்களைக் கையாளுதல்; தலைமையும் நிர்வாகமும். ஒவ்வொன்றும் நிறைவேறியது அல்லது நிறைவேறவில்லை என்றே குறிக்கப்படும். நிறைவேறாதவற்றுக்குப் பள்ளி செயல்திட்டம் தர வேண்டும், பிறகு ஆய்வாளர்கள் மீண்டும் வந்து பார்ப்பார்கள், அப்போதும் சரியாகவில்லையென்றால் பதிவே நீக்கப்படலாம். பணியாளர்களின் பின்னணிச் சோதனைப் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால்கூட ‘நிறைவேறவில்லை’ என்று வந்துவிடும் என்பதால், அந்தச் சொல்லைக் கண்டதும் அஞ்சாமல், எந்தப் பகுதியில் நிறைவேறவில்லை என்று பார்ப்பதே அறிவுடைமை. லண்டனில் வீடு வாங்குமுன் அருகிலுள்ள பள்ளியின் ஆஃப்ஸ்டெட் தரநிலையை மனப்பாடமாகச் சொல்லும் தமிழ்ப் பெற்றோர் பலர்; அவர்களிலும் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிப்பவர் சிலரே. அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் ஒட்டுமொத்தத் தரநிலை வழங்கும் வழக்கம் 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டுவிட்டதால், இனி எல்லாருமே உள்ளே படித்துத்தான் ஆகவேண்டும்.

இனி என் தீர்ப்பு. தன் முடிவுகளைத் தானே எடுக்கவும், எடுத்த முடிவின் விளைவைத் தாங்கவும், தன்னைவிட மூத்தவர்களின் முன் எழுந்து பேசவும் ஒரு பிள்ளை கற்க வேண்டும் என்பதைத் தலையாயதாகக் கருதும் பெற்றோருக்கு, இதற்கு நிகரான பள்ளியை ஆய்வறிக்கைகளின் சான்றோடு காட்டுவது கடினம். அறுபது ஆண்டு இடைவெளியில் வந்த இரு அறிக்கைகள் ஒரே குரலில் சொல்வது அது. பதினாறு, பதினேழு வயதோடு இப்பள்ளியில் படிப்பு முடிந்துவிடும் என்பதையும், மேல்நிலைப் படிப்புக்கு வேறு கல்லூரிக்குத்தான் போகவேண்டும் என்பதையும், பொதுத்தேர்வு எழுதுவதும் எழுதாததும் பிள்ளையின் விருப்பம் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள், சேர்த்துவிட்டு ஓராண்டு கழித்துப் பள்ளியோடு சண்டையிடுவதைவிடச் சேர்க்காமலிருப்பதே பிள்ளைக்கு நல்லது. எட்டு முதல் பத்து வயதுக்குள் உள்ள பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், ஆஃப்ஸ்டெட்டின் இணையதளத்தில் இருக்கும் மிக அண்மைய அறிக்கையில் கற்பித்தல் பகுதியை முதலில் படித்துவிட்டு, அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது யார், எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பள்ளிக்கே எழுதிக் கேட்க வேண்டும். 1949-ல் விழுந்த கேள்விக்குறி அந்த வயதுக்குத்தான் விழுந்தது.